இருபத்தேழாவது வாசலில் நின்ற உண்ணாமலை அம்மையாருக்கு

ஆரணி, தறியாளர் நல அறக்கட்டளை மருத்துவமனை ஊழியர்கள், 2006ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முப்பதாம் நாள், பணி நிறைவு விழாவில் வாசித்தளிக்கும் மடல்

ஓடும் குருதியின் ஓசையை எண்ணாக்கிய உண்ணாமலை அம்மையே! பட்டு நெய்யும் பாதங்களுக்குப் பாதுகாவலாய் நின்ற பண்பே! தறிக்குழியில் இறங்கித் தம் தவற்றைத் தாமே கண்டெடுத்த தகைமையே! கேலிக்குக் கலங்காமல், கெடுவுக்குக் குனியாமல், கேட்டதைக் கேட்டபடியே சொன்ன நெஞ்சுரமே! ஆரணி நகரின் அத்தனை தெருக்களும் ‘ஈசிஜி அம்மா’ என்று அன்போடும், ஒரு மார்கழி மாதம் முழுக்க ‘கால் ஜோசியக்காரி’ என்று கேலியோடும் அழைத்த அருமைச் சகோதரியே! தங்கள் அருகிருந்து உழைத்தும், தங்களிடம் ஏச்சு வாங்கியும் வளர்ந்த நாங்கள் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

‘எனக்கு மடல் கிடல் எல்லாம் வேணாம். வாசிச்சீங்கன்னா எழுந்து வூட்டுக்குப் போயிடுவேன்’ என்று நேற்று சாயங்காலம் வரை தாங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தாங்கள் சொல்லி நாங்கள் கேட்காத முதல் காரியம் இதுதான். ஆனாலும் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் உண்மையிலேயே எழுந்து போய்விடக் கூடியவர் தாங்கள். ஆகவே இனி வருவதை அவையோருக்குச் சொல்கிறோம். ‘அவர்’ என்றே சொல்கிறோம். யாரோ ஒருவரின் கதை என்று எண்ணிக்கொண்டு, அந்தக் காப்பியை ஆறுவதற்குள் குடியுங்கள்.

அவையோரே! மூன்றாண்டு முன்பு காவலாளி ஓய்வு பெற்றபோதும், போன ஆண்டு ஓட்டுநர் ஓய்வு பெற்றபோதும் இதே மண்டபத்தில் வாசிக்கப்பட்ட அச்சடித்த மடல் ஒன்று நிர்வாகத்திடம் உண்டு. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். அதன் நான்காவது வரி, ‘மேலிடத்து ஆணைகளுக்கு அடங்கி நடந்து அனைவரின் நன்மதிப்பையும் பெற்றவர்’ என்று ஓடும். அதில் இந்த அம்மையாரின் பெயரை நிரப்பித் தரச் சொன்னார்கள். எங்கள் மருந்தாளுநர் அய்யனாருக்கு வந்ததே ஒரு கோபம்! ‘அந்தம்மா அடங்கி நடந்திருந்தா இந்த ஊர்ல பாதிப் பேரு கட்டை ஊனிகினு நடந்துகினு இருப்பான்யா!’ என்று அச்சடித்த தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். எழுதும் பொறுப்பு அதனால்தான் அவர் தலையில் விழுந்தது. பாதிப் பேர் என்றது மிகை. ஒரே ஒருவர் என்பது சத்தியம். அந்த ஒருவரின் இடது கால்தான் இந்த மடலின் பொருள்.

தேவிகாபுரத்தில் பிறந்து, 1971இல் வார்டு உதவியாளராக நம் மருத்துவமனைக்குள் கால் வைத்து, கேட்டுக் கேட்டே கற்று, ஈசிஜி எடுப்பவராக உயர்ந்தவர் உண்ணாமலை. ஓடுகிற தாளில் துடிக்கிற நெஞ்சைப் படிப்பதையே இருபதாண்டுகள் செய்தார். 1993இல் வெளியூர் மருத்துவர் ஒருவர் நமக்குப் பழைய டாப்ளர் பெட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். உள்ளங்கை அகலம், பேனா போல ஒரு முனை, இரண்டு பாட்டரி. பிரசவ அறையில் கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். குழந்தையின் சத்தம் கேட்கவில்லை. பெட்டி ஊமை என்று திட்டி ஸ்டோரில் எறிந்தார்கள். அது குழந்தைக்கான பெட்டியே அல்ல, கை கால்களின் ரத்தக் குழாய்க்கானது என்பதை அதனோடு வந்த தாளைப் படித்துக் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான். படித்த நாங்கள் யாரும் அந்தத் தாளைப் படிக்கவில்லை.

விஷயம் எளிது. நம் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலியை அந்தப் பெட்டி காலுக்குள் அனுப்பும். ஓடுகிற ரத்தத்தில் மோதித் திரும்பும்போது அந்த ஒலியின் அதிர்வெண் மாறிவிடும். நம்மை நோக்கி வருகிற பஸ்ஸின் ஹாரன் ஒரு குரலிலும், தாண்டிப் போனதும் வேறு குரலிலும் கேட்கிறதல்லவா, அதே கணக்குத்தான். ரத்தம் வேகமாக ஓடினால் மாற்றம் அதிகம். அடைபட்டு ஊர்ந்தால் மாற்றம் கொஞ்சம். அந்த மாற்றத்தைப் பெட்டி சத்தமாக்கித் தரும். நல்ல காலில் ‘விஷ்’ என்று உயர்ந்து கேட்கும். அடைப்புள்ள காலில் மந்தமாக முனகும்.

மற்றவர் என்றால் காதால் கேட்டதோடு நிறுத்தியிருப்பார்கள். இவருக்கு அது போதவில்லை. ‘என் காது இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு வேற சொல்லும். எண்ணா வரணும்’ என்று, கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பாலுவிடம் போய் நின்றார்.

‘இந்தச் சத்தம் நொடிக்கு எத்தினி தடவை ஆடுதுன்னு எண்ணிச் சொல்ற மாதிரி ஒரு மீட்டர் வேணும் பாலு. முடியுமா?’

‘இன்னாம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! ஜல்தியா பண்ணிடலாம்’ என்றார் பாலு. ஜல்தி மூன்று மாதம் ஆயிற்று. ஆனாலும் செய்தார். ஒரு முள் மீட்டர்; அதிலிருந்து ஒரு ஒயர் ஈசிஜி மிஷினின் பேனாவுக்கு. நல்ல காலென்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் மூன்று மேடுகள் எழுந்தன. ஒன்று பெரிது, இரண்டு சிறிது. அடைப்பென்றால் ஒரே ஒரு தாழ்ந்த மேடு. அதைப் பார்த்த அன்று அவர் எங்கள் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார்.

அந்த ஆண்டு மார்கழியில், நெசவாளர் தெருக் கோடியில் இருக்கும் பஜனைக் கூடத்தில் முதல் முகாம். முப்பத்தொரு பேர் வந்தார்கள். முகாமுக்காகத் தறியை நிறுத்திவைக்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. ‘பேரு கூப்புடுங்க, வர்றோம்’ என்று, மிதிகட்டைக்காகத் தறிக்குக் கீழே மண்ணில் தோண்டிய குழியிலேயே கால் இறக்கி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் காதில் விழுந்ததும் குழியை விட்டு எழுந்து, ஓடி வந்து, பெஞ்சில் படுத்து, காலை நீட்டி, அளந்து முடித்ததும் மறுபடி குழிக்கே ஓடினார்கள். முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேருக்கு ஒற்றை மேடு. ஒரு தெருவே காலை இழக்கப் போகிறதே என்று உண்ணாமலை பதறி, இருபத்தேழு பேரிடமும் ‘ரத்தக் குழாயில அடைப்பு இருக்குது, ஆஸ்பத்திரிக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டார்.

வந்தது வினை! மூன்றே நாளில் தெரு கொதித்தது. ஒரு வீட்டில் நிச்சயமான கல்யாணம், ‘கால் போகப்போற மாப்பிள்ளை எங்களுக்கு வேணாம்’ என்று நின்றது. இன்னொருவர் தமக்குத் தாமே காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இருபத்தேழு பேருக்கும் ஒரே நாளில் ஒரே நோய் வருமா என்று தெரு கேட்டது. நியாயமான கேள்வி. ‘கால் ஜோசியக்காரி’ என்ற பட்டம் அப்போதுதான் வந்தது. அன்றைய தலைமை மருத்துவர் வேணுகோபால் நல்ல மனிதர். ஆனால் ஊர்ப் பெரியவர்களின் போனுக்குப் பயந்தவர். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மெமோ வந்தது. ‘ஈசிஜி எடுப்பவர் ஈசிஜி மட்டுமே எடுக்க வேண்டும். மேற்படி பெட்டியை இன்று மாலை ஐந்து மணிக்குள் ஸ்டோர் ரூம் இரண்டில் ஒப்படைத்து, அங்கேயே வைத்திருக்க வேண்டும்.’

அவர் அழுதார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஈசிஜி அறைத் திரைக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிவிட்டு முகாம் பட்டியலை எடுத்தார். மூன்று மேடும் வந்த நான்கு பேர் யார் யார் என்று பார்த்தார். சாயப் பட்டறையில் கொதிக்கிற அண்டா முன் நிற்பவர்கள் இருவர், டீக்கடைக்காரர் ஒருவர், காலையிலிருந்து வெயிலில் திண்டாடி வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர். நான்கு பேரும் குழியிலிருந்து வராதவர்கள். பட்டியலை மடித்து இடுப்பில் செருகினார். ஐந்து மணிக்குள் ஒப்படைக்கச் சொன்னது மெமோ. அப்படியென்றால் ஐந்து மணி வரை பெட்டி தம்முடையது என்று முடிவு செய்து, பாலுவின் மீட்டரோடு பையில் போட்டுக்கொண்டு நெசவாளர் தெருவுக்கு நடந்தார்.

அவர் ஏறிய வீடு காசியம்மாளுடையது. காசியம்மாளின் கணவர் சின்னக்கண்ணு, இருபத்தேழு பேரில் ஒருவர். பட்டு முதலாளி வீட்டுக்குச் சேலை கொடுக்கப் போயிருந்தார். தறி காலியாக இருந்தது.

‘ஒரு மணி நேரம் உங்க தறிக்குழியில உக்காந்துக்கட்டுமாம்மா?’

காசியம்மாள் இடுப்பில் கை வைத்தார். ‘எங்க வூட்டுக்காரரு கால் அடைச்சிகினு கீதுன்னு சொன்னீங்க. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. இப்ப குழியில எறங்கி எங்க கால எண்ணப் போறீங்களா?’

‘என் காலைத்தாம்மா எண்ணப் போறேன்.’

மார்கழி மாதத்துத் தறிக்குழி எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். மண்ணின் ஈரம் பாதத்தில் ஏறி, கணுக்காலில் ஏறி, முழங்கால் வரைக்கும் உறையும். ஒரு மணி நேரம் மிதியில் கால் வைத்தபடி அவர் அசையவில்லை. எழுந்து பாயில் படுத்து, தம் கணுக்காலில் முனையை வைத்தார். பாலுவின் முள் சோம்பலாய் ஒரு முறை தலை தூக்கி விழுந்தது.

காசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ‘அய்யோ, உங்களுக்கும் அடைப்பா!’

உண்ணாமலை சிரித்தாரே ஒரு சிரிப்பு! தெரு கேட்டது என்பார்கள். ‘ஒரு கம்பளி கொடும்மா’ என்று வாங்கிக் காலைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தார். மறுபடி வைத்தார். முள் துள்ளியது, ஒன்று, இரண்டு, மூன்று. குளிர்ந்த கால் தன் ரத்தக் குழாயைத் தானே சுருக்கிக்கொள்கிறது, சுருங்கிய குழாயும் அடைத்த குழாயும் பெட்டிக்கு ஒன்றாய்த் தெரிகின்றன என்பது அவருக்கு அந்தப் பாயில் புரிந்தது. குழியிலிருந்து எழுந்து ஓடி வந்த கால்களை, சூடேறவிடாமலே அளந்துவிட்டார். தவறு அவருடையது.

‘அப்ப எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணும் இல்லதானே?’ என்று காசியம்மாள் கேட்டார்.

‘இருக்காதும்மா’ என்றார் உண்ணாமலை. அந்த ஒரு சொல்லுக்காகப் பின்னால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாலை நாலே முக்காலுக்குப் பெட்டி ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தது. சாவி ஜெயவேலிடம். ஸ்டோர் காப்பாளர், எங்களில் மூத்தவர், இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மெமோவை மூன்று முறை படித்துவிட்டு அவர் சொன்னது இது:

‘பெட்டி ஸ்டோர்லயே இருக்கணும்னுதாம்மா போட்டிருக்குது. நீங்க ஸ்டோருக்கு வரக் கூடாதுன்னு எங்க போட்டிருக்குது?’

அவ்வளவுதான்! மறுநாளிலிருந்து ஈசிஜி மிஷின் தள்ளுவண்டியில் ஸ்டோர் ரூம் இரண்டுக்குப் போனது. உடைந்த கட்டில்களுக்கும் ஓட்டை வாளிகளுக்கும் நடுவே ஒரு பெஞ்ச். வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த இரண்டு கம்பளி. மதிய உணவு நேரத்தில் மட்டும், ஒரு நாளைக்கு மூன்று பேர். வர மறுத்தவர்களை ஜெயவேல் சைக்கிளில் போய்க் கெஞ்சி இட்டுவந்தார். படுத்ததும் அளக்க மாட்டார் உண்ணாமலை. அரை மணி நேரம் கம்பளிக்குள் கால் இருந்தாக வேண்டும். ‘இன்னாம்மா இது பேஜாரு, தறி நின்னுகினு கீது’ என்று முணுமுணுத்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: ‘நிக்கட்டும்.’ எல்லோரையும் அளந்து முடிக்கும் வரை யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்றும் வாயைப் பூட்டிக்கொண்டார். முன்பு அவசரப்பட்டுத் திறந்த வாய் அது.

இருபத்தாறு பேருக்கு மூன்று மேடுகளும் வந்தன. கடைசியாக வந்தவர் சின்னக்கண்ணு. முப்பத்தெட்டு வயது, ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. இரண்டு காலையும் ஒரே கம்பளியில் சுற்றினார். வலது காலுக்கு மூன்று மேடு. இடது காலுக்கு ஒற்றை மேடு. இன்னும் அரை மணி நேரம் சுற்றினார். ஒற்றை மேடு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். ஒற்றை மேடே.

சின்னக்கண்ணு தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். ‘மறுபடியும் கிறுக்குப் புடிச்சிகிச்சா உங்க மிஷினுக்கு? கால் குடையறது நெசந்தாம்மா. குழியில உக்கார்றவனுக்கு எல்லாம் குடையும். எண்ணெய் தேச்சா சரியாப் போயிடும்.’ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உண்ணாமலை பின்னாலேயே போனார். மருத்துவமனை வாசலிலிருந்து சின்னக்கண்ணு நன்றாகத்தான் நடந்தார். முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டினார். இரண்டாவது கம்பத்தில் நின்று, செருப்பு வாரைச் சரி செய்கிறவர் போலக் குனிந்தார். சரி செய்ய அதில் ஒன்றுமில்லை. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடந்தார். நான்காவது கம்பத்தில் மறுபடி நின்று, பீடி பற்ற வைத்தார். பீடிக்காக நிற்கவில்லை அவர், நிற்பதற்காகப் பீடி. ரத்தம் போதாத கால் அவ்வளவு தூரம்தான் நடக்கும் என்று தெருவே பார்க்கும்படி அந்தக் கால் சொல்லிக்கொண்டிருந்தது. தெரு அதைக் குழி வலி என்றே எண்ணிக்கொண்டிருந்தது.

தறிக்கு இரண்டு காலும் வேண்டும். ஒற்றைக் காலில் நெசவு கிடையாது. அந்தக் கால் போனால் சின்னக்கண்ணுவின் தறி போகும், சோறு போகும். ஆனால் அவரை எப்படி நம்பவைப்பது? இருபத்தாறு முறை பொய்த்த பெட்டியின் இருபத்தேழாவது சொல்லை யார் கேட்பார்கள்? உண்ணாமலை வேணுகோபால் டாக்டரிடம் போனார்.

‘ஸ்டோர்ல வச்ச பெட்டியில எப்படிம்மா பரிசோதனை பண்ணீங்க?’

‘ஸ்டோர்லதான் சார் பண்ணேன். பெட்டி வெளிய வரவே இல்ல.’

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ‘வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தர என்னால முடியாதும்மா. இதுவும் தப்பாப் போச்சுன்னா ஆஸ்பத்திரியையே பூட்டிடுவாங்க’ என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உண்ணாமலை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டியலும் தாள் சுருள்களுமாக நெசவாளர் தெருவின் முதல் வீட்டில் போய் நின்றார். தறி நின்றது. ‘நான் குளிர்ந்த காலை அளந்துட்டேன். தப்பு என்னுது. உங்க கால் நல்ல கால்’ என்றார். கைகூப்பினார். அடுத்த வீடு. அதே சொல். கல்யாணம் நின்ற வீட்டில் உட்கார்ந்து, பெண் வீட்டாருக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீடுகளில் திட்டினார்கள். விருத்தாம்பாள் என்ற அம்மாள், ‘உன்னால எம் புள்ள மூணு நாளு தறியில உக்காரலடி’ என்று வாசல் பெருக்கிய துடைப்பத்தைக் காட்டினார். ‘தப்பு என்னுதுங்க’ என்று அதற்கும் கைகூப்பினார். எட்டாவது வீட்டிலிருந்து ஒரு கூட்டம் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு தறியாய் நின்று நின்று வர, தெருக் கோடியில் தம் தறியில் உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

இருபத்தாறு வாசல் முடிந்தது. இருபத்தேழாவது வாசலில் அவர் கைகூப்பவில்லை.

‘இங்க தப்பு இல்ல’ என்றார். ‘உங்க எடது கால் அடைச்சிருக்குது. வேலூருக்குப் போகணும். இன்னிக்கே.’

காசியம்மாள் ஓடி வந்தார். ‘அன்னிக்கி இந்த எடத்துலதானே இருக்காதுன்னு சொன்னீங்க!’

‘அளக்காம சொல்லிட்டேன். அதுவும் என் தப்புதாம்மா.’

தெரு சிரிக்கத் தயாராக நின்றது. சின்னக்கண்ணு குழியில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: ‘பொய் சொல்றவங்க இருபத்தாறு வாசல்ல வந்து தல குனிவாங்களா? அங்க தப்புன்னு சொன்ன வாய்தானே இங்க இல்லன்னு சொல்லுது.’ எழுந்தார். ‘எந்த பஸ்ஸும்மா?’

கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில், இளம் மருத்துவர் ஒருவர் தாள் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எந்த மிஷினில் எடுத்தது என்று கேட்டார். ‘ரேடியோ ரிப்பேர் கடையில செஞ்சதுங்க’ என்றார் உண்ணாமலை. மருத்துவர் சிரித்துக்கொண்டே தம் மிஷினில் அளந்தார். அளந்ததும் சிரிப்பு நின்றது. பீடியை அன்றே விடச் சொன்னார். உள்ளே சேர்த்து அறுவை செய்தார். சின்னக்கண்ணுவுக்கு இடது காலின் சுண்டுவிரல் போனது. கால் தப்பியது. இன்னும் இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று வேலூரிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தது.

வேணுகோபால் டாக்டர் அந்தக் கடிதத்தோடு ஸ்டோர் ரூமுக்கே நடந்து வந்தார். ‘மெமோவை வாபஸ் வாங்கிக்கறேம்மா’ என்றார்.

‘வேணாம் சார். குளிர்ந்த காலை அளந்தது நெசம். அதுக்கு இருக்கட்டும் அந்த மெமோ’ என்று சொல்லி, கால்களைப் பதியும் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பசை போட்டு ஒட்டினார். இன்று அந்த நோட்டுகள் பதினான்கு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், மழையானாலும் திருவிழாவானாலும், கம்பளிக்குள் அரை மணி நேரம் கால் கிடந்த பிறகே அளந்து எழுதிய நோட்டுகள். மேலிடத்து ஆணைக்கு அடங்கி நடந்தவராம்! அடங்காததற்குச் சான்றைத் தம் கையாலேயே ஒட்டி வைத்திருப்பவரை எந்த அச்சு மடலில் அடைப்பது?

இன்னொன்றும் நிர்வாகத்தார் மேடையில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கால்கள் அளக்கப்படும் அந்த அறையின் பலகையில் நேற்று வரை ‘ஸ்டோர் ரூம் - 2’ என்றே இருந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் இல்லாததால் நாளை முதல் அறையை மூடிவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. அந்தப் பலகையை இன்று காலை நாங்கள் கழற்றிவிட்டோம். ‘கால் ரத்த ஓட்ட அறை’ என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறோம். எங்களில் ஒருவரான சுகன்யா இவரிடமே வேலை கற்றிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை அறை திறக்கும். மெமோ வருமென்றால் பதினெட்டுப் பேருக்கும் சேர்த்தே வரட்டும். ஒட்டுவதற்கு எங்களிடம் பதினைந்தாவது நோட்டு தயாராக இருக்கிறது.

அம்மையே! இனி மறுபடி தங்களிடமே பேசுகிறோம். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததற்கு நன்றி. காப்பி ஆறிவிட்டது என்று தெரியும்; வேறு வருகிறது.

தவறே செய்யாதவர் என்று தங்களைப் புகழ மாட்டோம். செய்த தவற்றை வாசல் வாசலாய்ச் சுமந்து சென்று சொன்னவர் என்று புகழ்வோம். தலை குனிய வேண்டிய இருபத்தாறு இடங்களில் தயங்காமல் குனிந்து, குனியக் கூடாத ஓர் இடத்தில் நிமிர்ந்து நின்றவரே! எந்த மார்கழியிலும் தங்கள் பாதங்கள் குளிராதிருக்கட்டும். தங்கள் நாடியின் மூன்று மேடுகளும் முழுதாய் எழுந்துகொண்டே இருக்கட்டும். பிறர் காலுக்கெனத் தாங்கள் சுற்றிய கம்பளிகளின் கதகதப்பெல்லாம் தங்கள் வாழ்நாளோடு சேரட்டும். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் இருப்புக் கொள்ளாது தங்களுக்கு. கதவு திறந்தே இருக்கும், வந்து திட்டிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டாகிவிட்டது. தேக்குச் சட்டம், நல்ல கனம். ஆட்டோவில் அனுப்பலாம் என்றோம். பின்வரிசையில் காசியம்மாளோடு அமர்ந்திருக்கும் சின்னக்கண்ணு ஒப்பவில்லை. தம் தலையில் வைத்துத் தாமே கொண்டுவருவதாகச் சொல்கிறார். அவருக்கு இப்போது ஐம்பது வயது. இந்த மண்டபத்திலிருந்து தங்கள் வீடு வரை எட்டு விளக்குக் கம்பங்கள். நேற்று நடந்து எண்ணிவிட்டு வந்தோம். தாங்களும் கூடவே நடந்து எண்ணிக்கொண்டே போங்கள். அவர் ஒன்றிலும் நிற்க மாட்டார்.

அடங்காத அன்புடன்,
தங்கள் ஊழியத் தோழர்கள் பதினெட்டுப் பேர்
தறியாளர் நல அறக்கட்டளை மருத்துவமனை, ஆரணி